இறாலும் விரியனும்

கோவளத்திலிருந்து தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரைக் குப்பங்களில், விடியற்காலையில் கரையேறும் வலைகளிலிருந்து உதறி எடுக்கப்படும் சரக்குகளுள், வாங்க வருவோரின் கண் முதலில் சென்று நிற்பது வெள்ளை இறாலின் மீதுதான். அந்தக் கூடையிலிருந்து வாங்கிய இறாலை ஒரே அடுப்பில் ஒரே குழம்பாக வைத்து உண்ட குடும்பத்தில் நால்வர் திருப்தியாக எழுந்திருக்க, ஐந்தாமவருக்கு மட்டும் கை கழுவுமுன்னரே உதடு தடித்து, உள்ளங்கை அரித்து, சற்று நேரத்தில் தொண்டை அடைத்து மூச்சு இரைக்கத் தொடங்குவதுண்டு. நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக இறாலைக் கரப்பான் பண்டங்களின் வரிசையில் வைத்துப் பத்தியத்தில் விலக்கி வந்தார்கள். அவர்கள் கவனித்தது பிழையன்று. ஆனால் குற்றம் முழுவதும் பண்டத்தினுடையதாயின் ஐவருமல்லவா அவதிப்பட்டிருக்க வேண்டும்? உண்டவரின் சரீரத்தில், தோலிலும் குடற்சுவரிலும் மூச்சுக்குழலிலும் குடியிருக்கும் ஒருவகை உயிரணுக்களுக்குள்ளே, சில நொதிகள் ஒன்றையொன்று ஏவும் முறையிலும் அடக்கும் முறையிலும் அந்த வேற்றுமையின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது.

இவ்வெள்ளை இறாலுக்கு ஒவ்வாமை ஆராய்ச்சியின் சரித்திரத்தில் ஒரு கௌரவமான இடம் உண்டென்பதை நம் கரையோரத்தில் பலர் அறியார். பெனேயஸ் இண்டிகஸ் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இந்த இனத்தைத்தான், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பி. வி. சுப்பா ராவும் அவரோடு உழைத்தவர்களும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டீன் மெட்காஃபின் துணையுடன் எடுத்து ஆராய்ந்தார்கள். கொதிக்க வைத்த இறாலிலும் ஒவ்வாமையை விளைக்கும் புரதங்கள் அழியாமல் நிற்பதை அவர்கள் 1989இல் வெளியிட்டார்கள். 1993இல், அவற்றுள் பிரதானமானது ட்ரோபோமயோசின் என்னும் தசைப் புரதமே என்று நிலைநாட்டினார்கள். தசை சுருங்குவதையும் தளர்வதையும் நெறிப்படுத்தும் இந்த நீண்ட இரட்டைப் புரி, உஷ்ணத்தால் மற்றப் புரதங்களைப் போல நிலைகுலைந்து போவதில்லை. ஆகையால் குழம்பை எத்தனை நாழிகை கொதிக்க வைத்தாலும், இறாலை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் சோற்றில் ஊற்றினாலும், ஒவ்வாதவருக்கு அது ஒவ்வாததுதான். கறியில் கிடக்கும் துண்டை எடுத்துவிட்டால் தோஷமில்லை என்று விருந்தினரை வற்புறுத்தும் நம் வழக்கம் இவ்விடத்தில் அபாயகரமானது.

ட்ரோபோமயோசின் இறாலுக்கு மட்டும் உரியதுமன்று; நண்டிலும் சிங்கி இறாலிலும் கரப்பான் பூச்சியிலும், மெத்தைத் தூசியில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் தூசிப்பூச்சியிலும் ஏறத்தாழ அதே அமைப்பில் இருக்கிறது. மத நியமத்தின் காரணமாக இறாலை ஒருநாளும் தீண்டியறியாத யூதர்கள் சிலருடைய இரத்தத்தில், தூசிப்பூச்சியின் ஒவ்வாமை வழியாகவே, இறாலின் ட்ரோபோமயோசினைப் பற்றும் எதிர்ப்பொருள் உண்டாகியிருந்ததை 2003இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நம் ஊர்ச் சைவ உணவினரும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். இறாலின் இனத்தை மாற்றிப் பார்ப்பதாலும் பயனில்லை. முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பரிசோதனை நிலையத்தில், நம் வெள்ளை இறாலையே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகளை வகுத்து வருகிறார்கள். 2009க்குப் பிறகு அயல்நாட்டிலிருந்து வந்த வன்னாமி இறாலோ பண்ணைகளில் பெரும்பகுதியைத் தனதாக்கிக் கொண்டுவிட்டது. விலையிலும் வளர்ப்பிலும் இவ்விரண்டிற்கும் எத்தனையோ பேதம் உண்டு. ட்ரோபோமயோசினைப் பொறுத்தவரையில் பேதம் மிக அற்பம். ஒன்றுக்கு ஒவ்வாதவர் மற்றொன்றுக்கு மாறித் தப்பிவிட முடியாது.

உண்டவரின் பக்கத்தை ஆராயப் புகுந்தவர்களுக்கு முதற்பெரும் விளக்கைக் கொடுத்ததும் கடலுணவுதான். 1921இல், அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லா நகரில், கார்ல் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவ விஞ்ஞானி, சமைத்த மீனை உண்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் தம் சகா ஹைன்ஸ் கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தம்முடைய வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார். மீனால் எந்தத் தொல்லையும் அறியாத அவருடைய தோலில் அந்த ஓரிடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒவ்வாமை மனத்தின் சஞ்சலமுமன்று, கற்பனையுமன்று. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருளின் காரியம் என்பது அன்று புலனாயிற்று. அப்பொருள் இன்னதென்று தெளிய மேலும் 45 ஆண்டுகள் சென்றன. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிஸாகா, டெருகோ இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் பின்னர் ஐ.ஜி.ஈ. என்று பெயர் பெற்ற அதைப் பிரித்தறிந்து அறிவித்தனர், ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் என்னும் இருவர் வேறொரு வழியாக அதே இடத்தை வந்தடைந்தனர்.

எதிர்ப்பொருள்களுள் இரத்தத்தில் மிகச் சொற்பமாகக் காணப்படுவது இந்த ஐ.ஜி.ஈ. அங்கே இரண்டு மூன்று நாளில் அதன் பெரும்பகுதி அழிந்துபோகும். ஆனால் 1878இல் பால் எர்லிக் தம் மாணவப் பருவத்தில் சாயமேற்றிக் கண்ட மாஸ்ட் செல் என்னும் உயிரணுவின் மேற்பரப்பில், அதற்கென்றே அமைந்த ஏற்பியில் ஒருமுறை பொருந்திவிட்டால் வாரக்கணக்கில் அகலாது. முதன்முதல் இறால் உண்ட நாளில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அன்று தொடங்கிச் சிலருடைய சரீரத்தில் மட்டும் இறாலுக்கென்றே உருவான ஐ.ஜி.ஈ., மாஸ்ட் செல்களின் மேல் ஆயிரக்கணக்கில் ஏறி அமர்ந்து, அடுத்த முறைக்காகக் காத்திருக்கிறது.

அடுத்த முறை ட்ரோபோமயோசின் வந்து ஓர் ஐ.ஜி.ஈ.யை மட்டும் தொட்டால் ஒரு தீங்கும் இல்லை. பல இடங்களில் பிடி கொடுக்கும் அப்புரதம், பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மூன்றை ஒருசேரப் பற்றி, அவை அமர்ந்திருக்கும் ஏற்பிகளையும் ஒன்றோடொன்று நெருங்கச் செய்யும்போதுதான் உயிரணுவின் உட்புறத்தில் காரியம் தொடங்குகிறது. அந்தக் காரியம் இன்னதென்று விளங்க, ஒரு சிறு இரசாயன உண்மையை நாம் முன்னதாக அறிந்துகொள்ள வேண்டும். ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்னும் சிறு துணுக்கை ஒட்டுவதாலும் பெயர்த்தெடுப்பதாலும் அதன் வடிவையும் தொழிலையும் மாற்றிவிடலாம் என்பதை, 1950களின் நடுவில் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் கண்டார்கள். 1992இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகளுக்குக் கைனேஸ் என்றும், பெயர்ப்பவைக்குப் பாஸ்பட்டேஸ் என்றும் பெயர்.

நெருங்கிய ஏற்பிகளின் உள்வாலில் முதலில் பாஸ்பேட்டை ஒட்டுவது லின் என்ற கைனேஸ். ஒட்டிய மாத்திரத்தில், அதுவரை உயிரணுவின் திரவத்தில் வாளாவிருந்த சிக் என்ற மற்றொரு கைனேஸ், அந்த அடையாளங்களைக் கண்டு வந்து பற்றிக்கொண்டு, தானும் விழித்தெழுகிறது. 1991இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மண்ணீரலிலிருந்து பெற்று இதன் மரபு வரிசையை வெளியிட்டார்கள். இக்கதையின் நடுநாயகம் இதுவே என்று சொல்லத் தடையில்லை. சிக் தன் பங்கிற்குப் பல புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்ட, அவை கூடிய மேடையில் பி.டி.கே. என்னும் கைனேஸும் வந்து சேர, அவற்றால் ஏவப்பட்ட பாஸ்போலிப்பேஸ் என்னும் நொதி, உயிரணுச் சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பை இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த துண்டுகளுள் ஒன்று உட்சென்று சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தின் கதவுகளைத் திறந்துவிடுகிறது. சாதாரண காலத்தில் உயிரணுவின் உள்ளே தனித்துத் திரியும் கால்சியம், வெளியே உள்ளதில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்குதான். ஆதலால் கதவு சிறிது திறந்தாலும் உள்ளே பெருமாறுதல் நேர்கிறது. உடனே, உள்ளே அடுக்கி வைத்திருந்த நூற்றுக்கணக்கான நுண்பைகள் சவ்வோடு இணைந்து, ஹிஸ்டமினையும் டிரிப்டேஸ் முதலிய நொதிகளையும் வெளியே கொட்டிவிடுகின்றன. ஏற்பி நெருங்கியதற்கும் பை கொட்டியதற்கும் இடையில் செல்வது சில நிமிஷங்களே.

ஆனால் இந்த வரிசையை இவ்வளவோடு சொல்லி நிறுத்துபவர் பாதிக் கதையைத்தான் சொன்னவராவார். திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேரை வடம்பிடித்து இழுக்கும் பெருங்கூட்டத்தைக் கண்டவர்கள், சக்கரத்தின் அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடும் சிலரையும் கண்டிருப்பார்கள். எத்தனை பேர் இழுத்தாலும், தேர் வீதி முனையில் திரும்புவதும் நிலையில் நிற்பதும் கட்டை போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. மாஸ்ட் செல்லின் கைனேஸ்கள் வடம் பிடிப்பவை. ஷிப் என்றும் ஷெப்-1 என்றும் பெயர்பெற்ற பாஸ்பட்டேஸ்கள் கட்டை போடுபவை. ஒட்டிய பாஸ்பேட்டை இவை ஓயாமல் பெயர்த்துக்கொண்டே இருப்பதால்தான், தினமும் நம் குடலிலும் மூக்கிலும் நுழையும் ஆயிரம் பொருள்களுக்கு மாஸ்ட் செல் அசையாமல் இருக்கிறது. ஷிப் நொதி இல்லாதபடி பிறப்பிக்கப்பட்ட எலிகளின் மாஸ்ட் செல்கள், மிகச் சிறிய தூண்டுதலுக்கும் பைகளைக் கொட்டிவிட்டன. எனக்கு எல்லாவற்றிலும் விசித்திரமாகத் தோன்றுவது லின்னின் நடத்தை: முதற் பாஸ்பேட்டை ஒட்டித் தேரைக் கிளப்புவதும் அதுவே, கட்டை போடுவோரை வருவித்து அமர்த்துவதும் அதுவே. ஆகவேதான் லின்னை நீக்கிவிட்டால் ஒவ்வாமை ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, சில சோதனைகளில் அதற்கு நேர்மாறான பலன் கிடைத்தது.

மனிதருள்ளும் இதற்குச் சான்று உண்டு. மாஸ்ட் செல்லின் உறவினராய் இரத்தத்தில் ஓடும் பேஸோஃபில் என்னும் வெள்ளணுக்களைச் சிலரிடமிருந்து எடுத்துத் தூண்டினால், ஐ.ஜி.ஈ. நிறைய அமர்ந்திருந்தும் அவை ஹிஸ்டமினை விடுவதில்லை. ஆராய்ந்து பார்த்ததில், அவற்றில் சிக் நொதி மிகமிகக் குறைவாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஐ.ஜி.ஈ. இருக்கிறதென்று தெரிந்த மாத்திரத்தில் ஒருவரை ஆயுள்முழுதும் பத்தியத்தில் வைப்பது நியாயமாகாது என்று ஒவ்வாமை மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உண்டபோது உண்மையில் என்ன நேர்ந்தது என்ற வரலாறே முதன்மையானது.

வெளியே கொட்டிய ஹிஸ்டமின் இரத்தக் குழாய்களை விரித்துக் கசியச் செய்கிறது. தடிப்பும் வீக்கமும் அதன் வேலை. இதனோடு மாஸ்ட் செல் அப்போதே புதிதாகச் சமைக்கும் லூக்கோட்ரையீன் முதலிய கொழுப்புப் பொருள்கள் மூச்சுக்குழலை நெரிக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கும் செட்ரிஸின் மாத்திரை ஹிஸ்டமினுக்கு மட்டும் வழியடைக்குமே அல்லாது மற்றவற்றைத் தொடாது. அரிப்புக்கு அது போதும், மூச்சுத்திணறலுக்குப் போதாது. இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை: சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால், பாக்டீரியாக்கள் தம்முடைய நொதியால் மீனின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும்; கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதை உண்ட குடும்பம் முழுவதும் முகம் சிவந்து தடித்து அவதிப்படும். அது கெட்டுப்போன மீனின் குற்றமேயன்றி, உண்டவரின் ஒவ்வாமையன்று.

உள்ளே ஓடும் நொதிகளையே அடக்கும் மருந்துகள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. பி.டி.கே. நொதியைத் தடுக்கும் அகாலாப்ருடினிப் என்ற மாத்திரையை, வேர்க்கடலைக்கு ஒவ்வாமை கொண்ட 10 பேருக்குச் சில வேளைகள் மட்டும் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்கச் சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. அவர்களுள் 7 பேர் சோதனையின் உச்ச அளவுக் கடலையையும் கேடின்றி உண்டார்கள். அதே நொதியைத் தடுக்கும் ரெமிப்ருடினிப் என்ற மருந்து, நாட்பட்ட தோல் தடிப்புக்காக 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம்பிக்கையூட்டும் செய்திகள்தாம், எனினும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வேறு உயிரணுக்களும் இதே நொதிகளைக் கொண்டு இயங்குகின்றன என்பதையும், இந்தக் கொட்டும் வல்லமை வீணாக நமக்கு வாய்த்ததன்று என்பதையும் மறந்துவிடலாகாது.

அதை உணர நாம் மாமல்லபுரத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலிக்குச் செல்ல வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த பிறகு பாம்புத்தோல் வியாபாரத்தில் பிழைப்பிழந்த இருளர்கள், 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, அங்குள்ள முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே விஷம் எடுக்கும் தொழிலை நடத்திவருகிறார்கள். வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் நல்ல பாம்பும், கட்டுவிரியனும், கண்ணாடி விரியனும், சுருட்டை விரியனும் அடங்கிக் கிடக்கும். பாம்பை நீண்ட கம்பிக் கோலால் மெல்ல எடுத்து, தலையைப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கடிக்கச் செய்தால், உட்புறத்தில் மஞ்சள் நிறத் துளிகள் வழிந்து இறங்குகின்றன. குறித்த சில தடவைகள் எடுத்தபின், அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் ஒன்றைக் கத்தரித்து, காட்டில் விட்டுவிடுகிறார்கள். இக்கலையில் தேர்ந்த செங்கற்பட்டுப் பகுதி இருளர்களாகிய வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த மஞ்சள் துளியும் பெரும்பாலும் நொதிகளின் கலவையே. கண்ணாடி விரியனின் விஷத்திலுள்ள நொதிகள் இரத்தத்தின் உறையும் சக்தியைச் சீர்குலைத்து, உயிரணுச் சவ்வுகளையே அறுக்கின்றன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்டீபன் காலியின் குழுவினர் 2006இல் காட்டியது, இவ்விஷயத்தில் பலரைத் திகைக்கச் செய்தது: மாஸ்ட் செல்கள் இல்லாத எலிகள், அவை உள்ள எலிகளைவிடச் சில பாம்புகளின் விஷத்திற்கு எளிதில் இரையாயின; மாஸ்ட் செல்லின் பைகளிலிருந்து வெளிப்படும் கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்ற நொதி, பாம்பு விஷத்தின் ஒரு நச்சுப் புரதத்தை வெட்டிச் செயலிழக்கச் செய்தது. பின்னர் 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியில், கண்ணாடி விரியனின் விஷத்தைச் சிறு அளவில் முன்னதாகப் பெற்ற எலிகளுக்கு அவ்விஷத்திற்குரிய ஐ.ஜி.ஈ. உண்டானதையும், அது பிற்பாடு கொல்லத்தக்க அளவைச் செலுத்தியபோது அவற்றைக் காக்க உதவியதையும் கண்டார்கள். இறால் உண்டவரின் தொண்டையை அடைக்கும் அதே ஏற்பியும் அதே நொதி வரிசையும், விரியன் தீண்டிய எலிக்கு உயிர்க்காப்பாக நின்றன. எலிக்குக் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லுதல் தகாது. பாம்பைக் கையாள்வோருள் சிலருக்கு விஷத்தின் மீதே கடும் ஒவ்வாமை உண்டாகி ஆபத்தில் முடிந்ததும் மருத்துவ நூல்களில் உண்டு.

இருளர் எடுத்த விஷம் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து எதிர்விஷ மருந்தாகத் திரும்பி, செங்கற்பட்டு அரசு மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வருகிறது. ஆனால் அந்த மருந்தும் அந்நியப் புரதமே ஆதலால், மாஸ்ட் செல்களை எழுப்பிவிடும் ஆற்றல் அதற்கும் உண்டு. ஐ.ஜி.ஈ. முன்னமே அமர்ந்திராதவரிடத்திலும் வேறு வாயில்களின் வழியாக அது இதைச் செய்யக்கூடும். இலங்கையில் ஆராய்ந்தவர்கள், கடுமையாக எதிர்வினை கொண்ட நோயாளிகளின் இரத்தத்தில் டிரிப்டேஸ் உயர்ந்திருந்ததை அளந்து காட்டினார்கள். அந்நாட்டு மருத்துவமனைகளில் பாம்புக்கடிபட்ட 1,007 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனை, எதிர்விஷம் ஏற்றுமுன் குறைந்த அளவில் அட்ரினலின் கொடுத்தால் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்வினை 43 சதவீதம் குறைகிறது என்று கண்டது. வழக்கமாகக் கொடுத்துவந்த ப்ரோமெத்தஸினும் ஹைட்ரோகார்ட்டிஸோனும் அவ்விதம் பயன்படவில்லை.

அட்ரினலின் ஏன் வென்றது என்பதற்கும் விடை உயிரணுவினுள்ளேதான் கிடக்கிறது. அது விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருதயத்தை உந்தி, மூச்சுக்குழலைத் தளர்த்துவது ஒருபுறமிருக்க, மாஸ்ட் செல்லின் மேலுள்ள வேறோர் ஏற்பியைத் தொட்டு, அடினைலேட் ஸைக்லேஸ் என்னும் நொதியை ஏவி, எர்ல் ஸதர்லண்டுக்கு 1971இல் நோபல் பரிசை ஈட்டித்தந்த ஸைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளைப் பெருக்குகிறது. அது பெருகினால் பைகள் கொட்டுவது தணிகிறது. ஹிஸ்டமின் வெளிவந்த பிறகு அதன் பாதையை மறிக்கும் மாத்திரைக்கும், வெளிவருவதையே தணிக்கும் இம்மருந்துக்கும் உள்ள தாரதம்மியம் இதுவே. மேனாட்டாரைப் போல ஒவ்வாமைக்காரர் பையில் வைத்துக்கொள்ளும் தானியங்கி ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. ஆனால் சில ரூபாய் விலையுள்ள அட்ரினலின் குப்பி எந்த அரசு மருத்துவமனையிலும் இருக்கும். இறால் உண்டபின் தடிப்போடு மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால், தயங்காமல் அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடவேண்டும். வயது வந்தவருக்கு அளவு அரை மில்லிகிராம். ஐந்து நிமிஷத்தில் தணியாவிட்டால் மறுமுறையும் போடலாம். மயக்கமுற்றவரை எழுப்பி உட்கார வைக்கலாகாது. கிடத்திக் கால்களை உயர்த்தி வைக்கவேண்டும். தடிப்பு மறைந்துவிட்டதென்று உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறையும் அது கிளம்புவதுண்டு.